வாட்டாத இலை

பறித்த இலையை வாட்டாமல் டிரையரில் போடுகிறவனை டீ மேக்கர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவனுக்கு வேறு பெயர்கள் உண்டு. நானே அவற்றைப் பலமுறை உபயோகித்திருக்கிறேன். கொழுந்து வந்ததும் மேல்மாடியில் சாக்குத் துணி இழுத்துக் கட்டிய தட்டுகளில் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். பதினெட்டு மணி நேரமாவது கிடந்து துவள வேண்டும். கையில் அள்ளி அமுக்கிவிட்டு விரலைத் திறந்தால் சத்தமில்லாமல் மெதுவாக விரிய வேண்டும். பிறகுதான் கசக்கிச் சுருட்டுகிற ரோலர், அதற்கும் பிறகுதான் சூட்டில் காயவைக்கிற டிரையர். கீழ் கோத்தகிரிச் சரிவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் ஃபாக்டரியில் இந்த வேலையை நான் பதினோரு வருஷம் பார்த்தேன். இலையைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு என் மனைவியைக் கொல்லப் பார்த்தது. இதை எழுதும்போதும் எரிச்சல்தான் வருகிறது. யார் மேல் என்பது மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. பத்து வயதில் ஒரு காய்ச்சல் வந்து முழங்கால், முழங்கை, மணிக்கட்டு என்று மூட்டு மூட்டாக வீங்கி வடிந்ததாம். ஊரில் வாத நோவு என்று சொல்லி எண்ணெய் தேய்த்து விட்டிருக்கிறார்கள். மூட்டுகள் சரியாகிவிட்டன. கல்யாணமாகி மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்த பிறகுதான் வேறொன்று சரியாகவில்லை என்று தெரிந்தது. எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து தண்ணீர்க் குழாய்க்கு முப்பத்திரண்டு படிகள். குடத்தோடு ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவாள். சாயங்காலமானால் கால் வீங்கும், விரலால் அமுக்கினால் குழி விழும். ஒரு தலையணை வைத்துப் படுத்தவள் இரண்டு வைத்தாள், அப்புறம் மூன்று. பக்கத்து வீட்டில் இருந்த, தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டக்டரின் மனைவி, "புருசனைத் தண்ணி தூக்க வெக்கறதுக்கு இது நல்ல வழியாட்ட இருக்குது" என்று என் காதில் விழும்படியே சொன்னாள். நான் தண்ணீர் தூக்கினேன். சிடுசிடுத்துக்கொண்டேதான் தூக்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் பார்த்த டாக்டர் ரத்தக் குறைவு என்று இரும்புச் சத்து டானிக் கொடுத்தார். இரண்டு வருஷம் குடித்தாள். பல் கறுத்ததுதான் கண்ட பலன். அவர் மாறிப்போய், கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நடுவயதுக்காரர் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு டாக்டராக வந்தார். அவர் குழலை அவள் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லி மறுபடி கேட்டார். பிறகு அந்தப் பத்து வயதுக் காய்ச்சலைப் பற்றி, யாரும் சொல்லாமலே, அவராகவே விசாரித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அந்தக் காய்ச்சல் மூட்டைத் தொட்டுட்டுப் போயிருச்சு, நெஞ்சைக் கடிச்சுட்டுப் போயிருக்குதுங்க" என்றார். "உள்ள ரத்தம் போற கதவு ஒண்ணு ஒட்டிக்கிட்டுப் பாதிதான் தெறக்குது. பின்னால தேங்கற ரத்தம் நுரையீரல்ல நிக்குது, கால்ல எறங்குது."

"தெறக்க முடியாதுங்களா?" என்று கேட்டேன்.

டாக்டர் தம் அலமாரியைக் காட்டினார். மருந்துப் புட்டிகளைவிட அதில் வைத்திய சஞ்சிகைகள்தான் அதிகம். எல்லாம் சீமையிலிருந்து கப்பலில் வந்தவை. அங்கே ஒரு டாக்டர் ஒரு பெண்ணின் நெஞ்சைத் திறந்து, இதயத்துக்குள் விரலை விட்டு, ஒட்டிக்கிடந்த கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறாராம். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாளாம். ஆனால் அதற்குப் பிறகு எத்தனையோ வருஷமாக யாரும் துணியவில்லையாம். இதயத்தின் ஓட்டத்தைக் கோடாக வரைந்து காட்டும் மெஷின்கூட வந்துவிட்டதாம், அதைப் பார்க்க மதராஸ் போக வேண்டுமாம். டாக்டர் இதையெல்லாம் கண் மின்னச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர்க் குழாய்க்கே போக முடியாதவளை வைத்துக்கொண்டு, கடலுக்கு அந்தப் பக்கம் எவரோ விரலை விட்ட கதையைக் கேட்டு நான் என்ன செய்ய?

ஆனால் அவர் வெறும் கதையோடு விடவில்லை. ஒரு சின்னப் பச்சைப் புட்டியிலிருந்து பத்துச் சொட்டு, தண்ணீரில் கலந்து, ஒரு நாளைக்கு மூன்று வேளை. டிஜிடாலிஸ் என்றார். களைத்துப் போய்த் தாறுமாறாக ஓடுகிற இதயத்தை நிதானப்படுத்தி, ஒவ்வொரு துடிப்பையும் அழுத்தமாக அடிக்க வைக்குமாம். கதவு திறக்காது, ஆனால் தள்ளுகிறவனுக்குப் பலம் வரும் என்றார். பத்தே நாளில் கால் வீக்கம் வடிந்தது. ஒரு தலையணை குறைந்தது. அவள் படியேறி வந்து, மூச்சு வாங்காமல் கண்டக்டரின் மனைவியைக் கூப்பிட்டு, "அக்கா, தண்ணி வேணுமுங்களா?" என்று கேட்டாள்.

பிறகு யுத்தம் வந்தது. சீமையிலிருந்து வரும் புட்டிகள் நின்றுபோயின. வந்த ஒன்றிரண்டும் பட்டாளத்துக்குப் போயின. கோயமுத்தூருக்கும் ஊட்டிக்கும் ஆள் அனுப்பிப் பார்த்தோம். குன்னூர் கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடைக்காரர் கைவிரித்தே காட்டிவிட்டார். எங்கள் பச்சைப் புட்டியில் அடிமட்டம் தெரிய ஆரம்பித்ததும் டாக்டர் மூன்று வேளையை இரண்டாக்கினார், இரண்டை ஒன்றாக்கினார். அவள் கால் மறுபடி வீங்கியது.

அந்த மருந்து ஒரு செடியின் இலை என்று டாக்டர் சொன்னது அப்போதுதான். அதுவும் அந்தச் செடி எங்கே இருந்தது தெரியுமா? துரையின் பங்களா வாசலில். துரைசாணி தன் ஊர் விதையைக் கொண்டுவந்து போட்டு, வேலியோரம் முழுக்க மணி மணியாக ஊதாப் பூ தொங்க வளர்த்திருந்தாள். நான் தினமும் அதைத் தாண்டித்தான் ஃபாக்டரிக்குப் போவேன். இலை பெரிசு, சாம்பல் பச்சை, தொட்டால் சொரசொரவென்று மயிராக இருக்கும். ஃபாக்டரி ஆட்கள் அதைக் கம்பளி இலை என்பார்கள். என் மனைவி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, நூறு அடி தள்ளி அவளுடைய மருந்து அழகுக்காக நின்றுகொண்டிருந்திருக்கிறது.

டாக்டர் போய்க் கேட்டார். துரைசாணி முதலில் முகத்தைத் தூக்கினாலும், பூ விடாத செடிகளில் மட்டும் பறித்துக்கொள்ளலாம் என்றாள். துரை இன்னொரு நிபந்தனை போட்டார். டிரையரில் தேயிலை இருக்கும்போது அந்த இலை கிட்டவே வரக்கூடாது, தேயிலைக்கு வேறு வாசம் ஏறினால் லண்டனில் மானம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஃபாக்டரி லீவு, அன்றைக்குக் காயவைத்து, மறுபடி தட்டுகளைக் கழுவி வைத்துவிட வேண்டும். சரி என்றேன்.

"இலையைக் காயவெச்சுக் குடுத்துருங்க" என்றார் டாக்டர். "பொடி பண்ணி ஸ்பிரிட்டுல ஊற வெக்கறதை நான் பாத்துக்கறேன்."

இவ்வளவுதான் அவர் சொன்னது. எப்படிக் காயவைப்பது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு டீ மேக்கருக்கு இலையைக் காயவைக்கச் சொல்லிக்கொடுப்பது மரியாதையாக இருக்காது என்று அவர் நினைத்திருக்கிறார். கேட்பது கேவலம் என்று நான் நினைத்தேன்.

என் தொழிலில் எது சரியோ அதையெல்லாம் செய்தேன். தடித்த இலை என்பதால் பதினெட்டு மணி போதாது என்று ஒன்றரை நாள் மாடியில் வாட்டினேன். நன்றாகத் துவண்டதும், ரோலரில் போட அனுமதியில்லாததால், உட்கார்ந்து கையாலேயே கசக்கிச் சுருட்டினேன். மயிர் குத்திக் கை அரித்தது. பிறகு தேயிலைக்கு வைக்கிற சூட்டிலேயே டிரையரில் போட்டு, நொறுங்குகிற பதத்தில் எடுத்தேன். கறுப்பாக, கச்சிதமாக வந்திருந்தது. சாம்பிள் அனுப்புகிற டின்னில் போட்டு டாக்டரிடம் கொடுக்கும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அந்த மருந்து வேலை செய்யவில்லை. பத்துச் சொட்டு பதினைந்தாயிற்று, இருபதாயிற்று. கால் வீக்கம் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறியது. டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நம்ம மலை மண்ணுல இலைக்கு வீரியம் பத்தாதாட்ட இருக்குதுங்க."

இது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் மலை மண்ணிலா வீரியம் இல்லை? எங்கள் தேயிலையைக் குடித்துவிட்டுத்தான் சீமையில் பாதிப் பேர் கண் விழிக்கிறார்கள். அடுத்த தடவை இன்னும் கவனமாகச் செய்கிறேன் என்று கிளம்பினேன். இரண்டு முழு நாள் வாட்டினேன். இன்னும் நன்றாகக் கசக்கினேன். மருந்து இன்னும் மோசமாயிற்று. சொட்டு இருபத்தைந்தாகி, முப்பதில் போய் நின்றது. முப்பதில் வீக்கம் ஏறாமல் நின்றது, அவ்வளவுதான். இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் டாக்டர் வீட்டுக்கு வந்திருந்தபோது, மருந்துக் கம்பெனிக்காரர்கள் இந்த இலையின் வீரியத்தை எப்படி அளக்கிறார்கள் என்று சொன்னார். ஒவ்வொரு தடவை மருந்து தயாரானதும் தவளைகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்களாம். எவ்வளவு கொடுத்தால் தவளையின் இதயம் நிற்கிறது என்று கணக்கிட்டு, அதை வைத்து மனுஷருக்கு எத்தனை சொட்டு என்று நிர்ணயம் செய்வார்களாம். இலைக்கு இலை, பருவத்துக்குப் பருவம் வீரியம் மாறும், அளக்காமல் கொடுப்பது ஆபத்து என்று இப்போதெல்லாம் கண்டிப்பாக எழுதுகிறார்கள் என்றார். நமக்கு அந்த வசதி இல்லையே என்று வருத்தப்பட்டார்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த என் மனைவி சிரித்தாள். "அப்ப இங்க நாந்தானுங்க தவளை."

டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் பிடித்து வந்தேன்.

தென்மேற்கு மழை பிடித்தது. கொழுந்து தள்ளுகிற காலம், ஞாயிற்றுக்கிழமையும் ஃபாக்டரி ஓடியது. மாடியில் ஒரு தட்டுகூடக் காலியில்லை. இந்த நேரம் பார்த்து டாக்டரின் புட்டி தீர்ந்துபோய், துரைசாணி தோட்டத்திலிருந்து இரண்டு கூடை கம்பளி இலை ஈரத்தோடு வந்து சேர்ந்தது. எனக்கு அன்று துரையோடு ஃபீல்டு ஆபீஸில் வேலை. டிரையரைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், எங்கேயாவது இடம் பார்த்து இலையைப் பரப்பி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பல்லடத்துப் பக்கத்து ஆள், அதிகம் பேசாதவர்.

சாயங்காலம் திரும்பி வந்தால் மாடியில் இலையைக் காணோம். டிரையர் தட்டில் காய்ந்து கிடந்தது. வாட்டவில்லை, கசக்கவில்லை. முழு முழு இலையாக, சருகாக, அதுவும் பச்சையாக.

"என்னய்யா இது?"

"மாடி லாஃப்டுல எடமில்லீங்க ஐயா. ஈரத்தோட கெடந்தா அழுகிப் போயிருமுங்க. டீத்தூள் எறங்குனதுக்கப்பறம் அடுப்பு தணிஞ்சு கெடந்துச்சு. அந்த லேசான சூட்டுல போட்டு எடுத்துட்டேனுங்க. தட்டெல்லாம் கழுவீட்டனுங்க."

"பச்சை இலையை அப்படியே போட்டியா? மாட்டுக்குப் போடறதுக்கா காயவெச்சே? அது என்ற பொண்டாட்டி மருந்துய்யா!"

இன்னும் நிறையச் சொன்னேன். இருபது பேர் பார்க்கச் சொன்னேன். மறுநாளே அவரை டிரையரிலிருந்து எடுத்துக் களை வெட்டப் போட்டேன். அந்த வயதில், அந்த மழையில். வீட்டுக்கு வந்தும் சோற்றைப் பிசைந்துகொண்டே அவரைத் திட்டித் தீர்த்தேன். அவள், "பாவமுங்க, நல்லதுன்னு நெனச்சுத்தான பண்ணியிருக்கறாரு" என்றாள். உனக்கு இலையைப் பற்றி என்ன தெரியும் என்று அவளையும் அடக்கினேன்.

வேறு இலை பறிக்க வழியில்லை. அதையே நொறுக்கி டின்னில் போட்டு டாக்டரிடம் கொடுத்தேன். அது எப்படிக் காய்ந்தது என்று சொல்லவில்லை. என் ஃபாக்டரியில் இப்படி ஒரு கேவலம் நடந்தது என்று வெளியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் இவ்வளவுதான். பெரிதாக எதுவும் இல்லை.

ஒரு வாரத்தில் மருந்து ஊறித் தயாராயிற்று. அதே முப்பது சொட்டு. மூன்றாம் நாள் அவள் அடிக்கடி வெளியே போய் வந்தாள், உடம்பில் தேங்கிய நீரெல்லாம் பிரிந்தது. ஐந்தாம் நாள் கொலுசு கழன்று விழும் அளவுக்குக் கால் மெலிந்திருந்தது. முப்பத்திரண்டு படியையும் ஒரே மூச்சில் ஏறினாள், மேலே வந்து என்னைப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார்.

"கடைசீல நம்ம மலை இலை வேலை செஞ்சுருச்சுங்க. இந்தத் தடவை பக்குவமாக் காயவெச்சுருக்கறீங்க."

இங்கேயாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "எல்லாம் உங்க புண்ணியமுங்க" என்றேன். ஆறு மாதமாகப் பெருமைப்பட எதுவும் கிடைக்காமல் காய்ந்துபோயிருந்தவன், கிடைத்ததை வாங்கி வைத்துக்கொண்டேன். குப்பையாகக் காயவைத்த இலை எப்படி வேலை செய்தது என்று உள்ளுக்குள் குடைந்தது. முந்தின மருந்தெல்லாம் உடம்பில் சேர்ந்து சேர்ந்து இப்போது பலன் தருகிறது என்று எனக்கு நானே ஒரு வைத்திய சாஸ்திரம் எழுதிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பத்தாம் நாள் வாந்தி. தேயிலை வாசம் பட்டாலே குமட்டியது. அன்று காலை தட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, சோத்துல நான் மஞ்சத்தூளா போட்டிருக்கறேன்?" என்று கேட்டாள். சோறு வெள்ளையாகத்தான் இருந்தது. காமாலையாக இருக்கும் என்று அவள் கண்ணைப் பிரித்துப் பார்த்தேன், கண்ணும் வெள்ளையாகத்தான் இருந்தது. பசி மயக்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் டாக்டர் மழையில் நனைந்துகொண்டு வந்தார். நாடியைப் பிடித்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி பிடித்தார். நாற்பத்துநான்கு. அதுவும் இரண்டிரண்டாகச் சேர்ந்து அடித்துவிட்டு நின்று நின்று வருகிறது என்றார். என்னை ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார். அறை சின்னது, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நாலடிகூட இராது.

"ரெண்டுல ஒண்ணுங்க. நோவு முத்திக் கல்லீரல் வீங்குனாலும் இந்த மாதிரி வாந்தி வரும், நெஞ்சு களைச்சுப் போயி நாடி எறங்கலாம். மருந்து மிஞ்சிப் போனாலும் இதேதான் வரும். நோவுன்னா சொட்டை இன்னுங் கூட்டோணும். மருந்துன்னா இந்த நிமிசமே நிறுத்தோணும். மாத்திப் பண்ணுனா ஆளு போயிரும்."

"உங்களுக்கு எதுன்னு தோணுதுங்க?"

"பார்த்தா மருந்து மிஞ்சுனாப்பலதான் இருக்குது. ஆனா ஆறு மாசமா இந்த இலையை அம்மிணி குடிக்குது, முப்பது சொட்டுக்கு ஒண்ணுமே ஆகலியே. திடீருன்னு எப்பிடி மிஞ்சும்? அதனால உங்களைக் கேக்கறேன். இந்தத் தடவை இலை ஏதாச்சும் மாறுச்சுங்களா? வேற செடியா? வேற பக்குவமா?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். பச்சையாகக் கிடந்த அந்தச் சருகு கண் முன்னால் வந்து நின்றது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் கூடவே வந்து நின்றது. பெருமை வாங்கிக்கொண்டது பொய் என்றாகும். மழையில் களை வெட்டிக்கொண்டிருக்கிறவர்தான் சரியாகச் செய்தவர் என்றாகும். ஆறு மாதமாக என் கைப்பக்குவம்தான் என் மனைவியின் மருந்தைக் கெடுத்தது என்றாகும்.

"எப்பவும் போலத்தானுங்க" என்றேன்.

"வாட்டி, கசக்கி, அப்புறம் காயவெச்சு?"

"ஆமாங்க."

டாக்டர் பெருமூச்சு விட்டார். பையைத் திறந்து மருந்துப் புட்டியையும் அவுன்ஸ் கிளாஸையும் எடுத்தார். சொட்டு எண்ண ஆரம்பித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினைந்து, பதினாறு என்று வாய்விட்டு எண்ணினார். ஒவ்வொரு எண்ணுக்கும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், ஒவ்வொரு எண்ணும் போய்விட்டது. முப்பதும் தாண்டியது.

"ஏனுங்க."

கட்டிலிலிருந்து அவள் கூப்பிட்டாள். டாக்டரை அல்ல, என்னை. குரல் மெலிந்திருந்ததே தவிர, தெளிவாக இருந்தது.

"அன்னைக்கு மழையில ஊட்டுக்கு வந்து டிரையர்கார அண்ணனைத் திட்டுனீங்களே. வாட்டாம போட்டுட்டாருன்னு. அது இந்த இலைதானுங்களே?"

டாக்டரின் கை நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவள் அதோடு விடாமல், மூச்சு வாங்கிக்கொண்டு, "சோறெல்லாம் மஞ்சளாத் தெரியுதுங்க டாக்டரய்யா. செவுரும் மஞ்சளா இருக்குது" என்றாள்.

மருந்து மிஞ்சினால் கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியும் என்பது டாக்டருக்குத் தெரியும். இந்த ஊரில் அதுவரை யாருக்கும் மிஞ்சியதில்லை, அதனால் அதைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. கிளாஸில் இருந்ததை ஜன்னல் வழியாக மழையில் கொட்டினார். புட்டியைப் பைக்குள் வைத்துப் பூட்டினார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. இரண்டு நாள் எங்கள் வீட்டிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மணிக்கு ஒரு தடவை நாடியை எண்ணினார். நாற்பத்துநான்கு நாற்பதாகி, அங்கேயே நின்று, மூன்றாம் நாள் ஐம்பத்தாறுக்கு ஏறியது. அன்று சாயங்காலம் அவள் கஞ்சி கேட்டாள். வெள்ளையாகத் தெரிகிறது என்றாள்.

பிறகு டாக்டர் டிரையர்காரரை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரச் சொன்னார். நான்தான் போய்க் களைக்காட்டிலிருந்து கூட்டி வந்தேன். டாக்டர் கேட்கக் கேட்க அவர், எவ்வளவு நேரம், எந்தச் சூடு, எத்தனை தட்டு என்று நிதானமாகச் சொன்னார். டாக்டர் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் திடீரென்று எழுந்துபோய் ஆஸ்பத்திரி அலமாரியைக் கிளற ஆரம்பித்தார். யுத்தத்துக்கு முன்னால் வந்து, சணல் கயிறுகூட அவிழ்க்காமல் கிடந்த ஒரு கட்டைப் பிரித்தார். அதில் ஒரு சஞ்சிகையில் இருந்தது. டிஜிடாலிஸ் இலையைப் பறித்தவுடன் காயவைக்க வேண்டும், தணிந்த சூட்டில், வாட விடவே கூடாது. வாடிக் கிடக்கும்போது இலை தன் வீரியத்தைத் தானே அழித்துக்கொள்கிறது. டாக்டர் அதை எனக்குத் தமிழில் படித்துக் காட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"வெரலை விட்ட கதையைப் பத்து வாட்டி படிச்சிருக்கறேனுங்க. இதைப் பிரிக்கவே இல்லை."

ஆறு மாதம் அவள் வீங்கிக் கிடந்ததற்கு மருந்து அந்தச் சணல் கயிற்றுக்குள் இருந்திருக்கிறது. அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு உலுக்குவது? அவர் படிக்காமல் விட்டார். நான் தெரிந்தே சொல்லாமல் விட்டேன்.

டிரையர்காரர் டிரையருக்குத் திரும்பினார். கம்பளி இலை அதன் பிறகு அவர் பொறுப்பிலேயே காய்ந்தது, அந்தந்த நாளே, அடுப்பு தணிந்த பிறகு. சொட்டு முப்பதிலிருந்து பத்துக்கு வந்தது. பத்து போதுமானதாக இருந்தது. அவள் அதன் பின் ஏழு வருஷம் இருந்தாள். கதவு மெல்ல மெல்ல இன்னும் ஒட்டிக்கொண்டே போயிற்று, ஒரு மார்கழியில் தள்ளுகிறவனுக்கும் முடியாமல் போயிற்று. அவள் போன சில வருஷங்களில் நம் நாட்டிலேயே அந்தக் கதவை விரலை விட்டுத் திறக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று பேப்பரைக் கிழித்துப் போட்டேன்.

அந்த ஏழு வருஷத்தில் அவள் என்னிடம் எந்தக் குறையும் வைக்கவில்லை. அந்த மத்தியானத்தைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசவில்லை. தண்ணீர் தூக்கினால் போதும் என்பாள், ரேஷன் அரிசியில் கல் பொறுக்கச் சொல்வாள், மேட்டுப்பாளையம் போனால் என்ன வாங்க வேண்டும் என்று என்னைக் கேட்டுத்தான் செய்வாள். புது மருந்துப் புட்டி வந்த அன்று மட்டும் ஷிப்டு விடுகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்பாள். டிரையர்காரர் பாதையில் வருவார்.

"அண்ணா, இந்தத் தடவை இலை எப்பிடிக் காஞ்சுதுங்க?"

"அன்னைக்கே போட்டு எடுத்துட்டனுங்க அம்மிணி. வாடலீங்க."

சரிங்க அண்ணா என்று உள்ளே வந்து சொட்டு எண்ணுவாள். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன். என்னைக் கேட்க மாட்டாள்.